சிலிக்கா ஜெல்லில் வைத்த மா இலையில் பூசணம்: நுண்ணுயிர் டிஎன்ஏவைக் களத்திலேயே எப்படிப் பாதுகாப்பது?

மாந்தோப்பு (கேள்வி)

வணக்கம். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத் தோப்புகளில் பெங்களூரா, செந்தூரா இரண்டு ரகத்திலும் இலை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியா, பூஞ்சை டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். ஆய்வகம் கோயம்புத்தூரில். பறித்ததிலிருந்து போய்ச் சேர 4 நாள் ஆகிறது.

இப்போது செய்வது: ஒரு ஜிப் கவரில் முழு இலை 3, கூடவே ஈரம் இழுக்கும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 20 கிராம். மறுநாளே ஜெல் ஈரம் நிறைந்து பச்சையாகிவிடுகிறது. மூன்றாம் நாள் நடுநரம்பை ஒட்டி இலை கறுத்து, சில கவர்களில் வெள்ளைப் பூசணம். டிஎன்ஏ பழுப்பாக வருகிறது, டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் 0.7ஐத் தாண்டவில்லை, பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) டிஎன்ஏ பட்டையே இல்லை. ஐஸ் பெட்டிக்கு மாறலாமா? சிடிஏபி (டிஎன்ஏ பிரித்தெடுக்கப் பயன்படும் சோப்பு வகை) கரைசலில் போட்டுவிடலாமா? திரவ நைட்ரஜன் இந்தப் பக்கம் கிடைக்குமா?

இலைநரம்பு

ஜெல் மேல் குற்றமில்லை, கணக்கு இடிக்கிறது. முதிர்ந்த மா இலை ஒன்று சுமார் 2 கிராம். மூன்று இலைக்கு 6 கிராம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடிக்கும் என்பது சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்கும்போதுதான். இலை மொறுமொறுவென்று காய கவருக்குள் காற்று வறண்டிருக்க வேண்டும். அந்த நிலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிடிக்கும். அதனால்தான் இலையைப் போல் குறைந்தது 10 மடங்கு ஜெல் என்பார்கள். உங்கள் கவருக்கு 60 கிராம் வேண்டும்.

அடுத்தது வேகம். செடியின் டிஎன்ஏ மட்டும் போதுமென்றால் இரண்டு நாள் காய்ந்தாலும் பாதகமில்லை. உங்களுக்கு வேண்டியது நுண்ணுயிர். இலை வாடி ஈரமாகக் கிடக்கும் நேரமெல்லாம் வேகமாக வளரும் சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகி மற்றதை மறைத்துவிடும். டிஎன்ஏ நன்றாகவே கிடைக்கலாம், ஆனால் அது தோப்பின் கதையாக இருக்காது, கவரின் கதையாக இருக்கும். 12 மணி நேரத்துக்குள் காய வேண்டும், 24ஐத் தாண்டவே கூடாது.

மா இலைக்கு மெழுகுத் தோல், தடித்த நடுநரம்பு. முழுதாகப் போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லை. காம்பையும் நடுநரம்பையும் நீக்கிவிட்டு, இலைப்பரப்பை 1 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். காம்பில் வடியும் பாலும் பட்டைகளில் படாது. 50 மி.லி. திருகுமூடிக் குழாயில் 30 கிராம் ஜெல், 2 கிராம் இலை. குண்டு மணியாக இருக்கும் ஜெல்லைவிடப் பொடி மணி ஜெல் சீக்கிரம் இழுக்கும். ஆறு மணி நேரத்தில் நிறம் மாறினால் புது ஜெல் போடுங்கள். சரியாகக் காய்ந்த பட்டை அப்பளம் மாதிரி ஒடியும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஜெல்லை 120 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவது எல்லோரும் செய்வதுதான். இந்த வேலைக்கு அதில் ஒரு வில்லங்கம்: அந்தச் சூட்டில் ஈரம் போகும், முந்தைய இலையின் டிஎன்ஏ போகாது. பழைய ஜெல்தான் இருக்கிறது என்றால் இலையைக் காலி டீ பேக்கில் போட்டு, ஜெல் படாமல் வையுங்கள்.

தளிக்குளிர்

சிடிஏபி பற்றி. 100 மி.லி.க்கு: சிடிஏபி 2 கிராம், உப்பு (சோடியம் குளோரைடு) 8.18 கிராம், 1 மோலார் டிரிஸ் (பிஹெச் 8) 10 மி.லி., 0.5 மோலார் ஈடிடிஏ 4 மி.லி., பிவிபி 2 கிராம். இலைத் துண்டுகள் முழுக்க மூழ்க வேண்டும், எடையைப் போல் 5 முதல் 10 மடங்கு கரைசல். இதோடு வழக்கமாகச் சேர்க்கும் நச்சுப்பொருளான மெர்காப்டோஎத்தனாலைத் தோப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆய்வகத்தில் பிரித்தெடுக்கும்போது நச்சுப்புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் சேர்த்தால் போதும்.

இதை ஐஸில் வைக்காதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் சிடிஏபி வெள்ளையாகப் படிந்துவிடும். மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலைக் குளிரே போதும், ஐஸ்கூட வேண்டாம். படிந்தால் 60 டிகிரி நீரில் வைத்துக் கரைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: சிடிஏபி செல்லை உடைக்கும். இலையின் மேல் இருந்ததும் உள்ளே இருந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே?

மாந்தோப்பு

நன்றி அண்ணா. மேற்பரப்பு தனி, உட்புறம் தனி, இரண்டும் வேண்டும். காய்ந்த இலையை ஆய்வகத்தில் கழுவிப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வடிதாள்

முடியாது தம்பி. காய்ந்த இலையில் செல்கள் உடைந்திருக்கும், கழுவினால் உள்ளிருப்பதும் சேர்ந்து வரும். பிரிப்பதைப் பச்சை இலையில், பறித்த அன்றே முடித்துவிட வேண்டும்.

மேற்பரப்புக்கு: வெட்டாத இலை 5 கிராம், கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 40 மி.லி., அதில் 0.05% ட்வீன் 20 (மென்மையான சோப்பு வகை). ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, இலையை எடுத்துவிட்டு, நீரை 50 மி.லி. சிரிஞ்சால் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே தள்ளுங்கள். கடைசியில் காற்றைத் தள்ளி மிச்ச நீரை வெளியேற்றிவிட்டு, சிடிஏபி போன்ற பாதுகாப்புக் கரைசலை நிரப்பி இரண்டு முனையையும் மூடுங்கள். கிரானைட் குவாரி லாரிகள் போகும் சாலையோரத் தோப்பு என்றால் பாதியிலேயே அடைக்கும். அதற்காக முன்னால் பெரிய துளை வடிகட்டி போடாதீர்கள், தூசியில் ஒட்டிய பாக்டீரியாவும் அதிலேயே நின்றுவிடும். மாதிரியை இரண்டு வடிகட்டிகளில் பிரித்து ஓட்டுங்கள்.

உட்புறத்துக்கு: கழுவிய அதே இலை, காம்போடு முழுதாக. 70% எத்தனாலில் 1 நிமிடம், 2% குளோரின் உள்ள சோடியம் ஹைபோகுளோரைட்டில் (பிளீச்) 3 நிமிடம், மறுபடி எத்தனாலில் 30 விநாடி, கிருமிநீக்கிய நீரில் மூன்று அலசல். பிறகே வெட்டி ஜெல்லில் போடுங்கள். முதலில் வெட்டினால் வெட்டு வழியே ஹைபோகுளோரைட் உள்ளே போகும். எத்தனால் மட்டும் போதுமே என்று விட்டுவிடாதீர்கள்: அது கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. கடைசி அலசல் நீரில் கொஞ்சம் எடுத்துவைத்துப் பிசிஆர் ஓட்டினால் சுத்தமாயிற்றா என்று தெரியும். தரை துடைக்க விற்கும் வாசனை பிளீச் வேண்டாம். நல்ல ஹைபோகுளோரைட்டும் வெயிலில் வீரியம் இழக்கும், அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.

இலைநரம்பு

ஐஸ் பெட்டியைத் தோப்பிலிருந்து அறைக்கு வரும் சில மணி நேரத்துக்கு மட்டும் நம்பலாம். 4 டிகிரியில் நுண்ணுயிர் மெதுவாகும், நிற்காது. நாலு நாள் என்பது பேச்சுக்கே இடமில்லை. தருமபுரி வெயிலில் பேருந்தின் சாமான் அறைக்குள் தெர்மாகோல் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரவ நைட்ரஜன் இருக்கத்தான் செய்கிறது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்து அந்தக் குடுவையில்தான் இருக்கும், −196 டிகிரி. ஆனால் அதில் இலையைப் போடக் கேட்காதீர்கள், மட்டம் இறங்கினால் அவர்களுடைய விந்துக் குச்சிகள் பாழ். சொந்தக் குடுவையும் வாகனமும் இருந்தால் யோசியுங்கள். உலர்பனி (உறைந்த கார்பன் டையாக்சைடு, −78.5 டிகிரி) பெங்களூரில் வாங்கி வரலாம். பெட்டி மூடியை இறுக்கி ஒட்டக் கூடாது, கார் கண்ணாடியைத் திறந்து வையுங்கள், கார்பன் டையாக்சைடு மூச்சை அடைக்கும். உறையவைத்த இலை வழியில் ஒருமுறை உருகினால் காய்ந்த இலையைவிட மோசம்: உடைந்த செல்லிலிருந்து நொதிகள் கிளம்பி டிஎன்ஏவைத் தின்றுவிடும்.

பிசிஆர் பட்டை வராததற்கு இலையிலுள்ள பாலிஃபினால்தான் (பிசிஆரைத் தடுக்கும் துவர்ப்புப் பொருள்) முதல் சந்தேகம். டிஎன்ஏவை 10 மடங்கு நீர்த்து, 0.4 மி.கி./மி.லி. பிஎஸ்ஏ (தடுக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பழைய மாதிரிகளில் சில பிழைக்கலாம். பூசணம் பூத்த கவர்களைத் தூக்கிப் போடுங்கள். பாக்டீரியாவுக்கு 799எஃப்–1193ஆர் பிரைமர் (பிசிஆரில் எந்தப் பகுதி பெருக வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) எடுத்தால் இலையின் பசுங்கணிக டிஎன்ஏ பெரும்பாலும் விலகும். இலையின் மைட்டோகாண்ட்ரியா பட்டை சுமார் 800 கார இணை நீளத்தில் தனியாக வரும், 400 அருகே உள்ள பாக்டீரியா பட்டையை மட்டும் அகரோஸ் ஜெல்லிலிருந்து வெட்டி எடுங்கள்.

மாந்தோப்பு

கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்டில் துடைத்தால் போதுமா? அடுத்த சுற்று தை மாதம், பூ நேரம்.

வடிதாள்

ஸ்பிரிட் போதாது. 10% பிளீச் நீரில் நனைத்து ஒரு நிமிடம், பிறகு நல்ல நீர், பிறகு எத்தனால். பிளீச்சைக் கழுவாமல் விட்டால் கத்தரியும் துருப்பிடிக்கும், இலையின் டிஎன்ஏவும் போகும். கையுறையை மரத்துக்கு மரம் மாற்றுங்கள். தோப்புக்கு ஒரு குழாயை இலை இல்லாமல் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்தே டிஎன்ஏ எடுத்து அதன் வரிசையையும் படியுங்கள். வேதிப்பொருளிலிருந்தே வரும் பாக்டீரியா டிஎன்ஏ அதில்தான் தெரியும்.

பூ நேரத்தில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடிப்பார்கள். கந்தகமா வேறு பூஞ்சைக்கொல்லியா, எந்தத் தேதியில் அடித்தது என்று தோப்புக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரக வித்தியாசமா மருந்து வித்தியாசமா என்று பிறகு பிரிக்க முடியாது. செம்பு நிறக் கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே குழாயில் கலக்காதீர்கள். குழாய் எண்ணைப் பென்சிலால் சீட்டில் எழுதி, அதை ஜெல்லோடு உள்ளே போடுங்கள். வெளியே மார்க்கரால் எழுதியது எத்தனால் பட்டதும் அழிந்துவிடும்.