ஆறு பேர் மெயின்டெனன்ஸ் டீம்: வேலைப் பளுவைக் கணக்கிட்டுப் பிரிப்பது எப்படி?

வாளையார்_ஷிப்ட்:
பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் மெஷின் ஷாப். மெயின்டெனன்ஸில் ஆறு பேர். சாப்பாட்டு நேரம் போக தினம் 8 மணி, வாரம் 6 நாள். ஆக 288 மணி. பிஎம் (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) வேலைகள் 190 மணிதான், ஆனாலும் சனிக்கிழமை பாதி பாக்கி. ஒருவர் தலையில் வேலை குவிகிறது, இன்னொருவருக்கு வேலையே இல்லை. ஓணம் வேறு வருகிறது. எக்செலில் எப்படிக் கவனிப்பது?

பொள்ளாச்சி_பிளானர்:
288 என்பது ஆள் உள்ளே இருக்கும் நேரம், ஸ்பேனர் பிடிக்கும் நேரம் இல்லை சார். ஷிப்ட் ஒப்படைக்க ஆளுக்குத் தினம் 15 நிமிடம் வைத்தால் வாரம் 9 மணி. டூல்பாக்ஸ் பேச்சு (வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிய சிறு கூட்டம்) தினம் 10 நிமிடம் என்றால் 6 மணி. யாராவது இரண்டு நாள் லீவு போட்டால் 16 மணி. மிச்சம் 257. இதில் பிரேக்டவுனுக்கு (திடீர்ப் பழுதுக்கு) போகும் நேரத்தைக் கழிக்க வேண்டும். பதிவேட்டில் கடந்த 8 வாரச் சராசரியை எடுங்கள். 90 மணி என்று வந்தால் 167தான் கையில். 190ஐ வைத்தால் 23 மணி துண்டு விழும்.

அந்த 167ஐயும் முழுக்க நிரப்பாதீர்கள். ஒரே ஆளுக்கு வேலைகள் முன்பின் தெரியாமல் வந்து விழும்போது, அவர் 80 சதவீதம் பிஸி என்றால் புது வேலை காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வேலையின் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 140 மணிக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

இன்னொன்று: கியர்பாக்ஸ் இறக்க இரண்டு பேர் 3 மணி என்றால் அது 6 மேன் ஹவர். ஷீட்டில் 3 என்று போட்டிருந்தால் உங்கள் 190ஏ தப்பு.

கொழிஞ்சாம்பாறை_எலக்ட்ரிகல்:
மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும் டீமில் சுமை ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். திறன் வாரியாகப் பிரியுங்கள்: பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), ஹைட்ராலிக், மெக்கானிக்கல், பொது. பிஎல்சி தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் கிரீஸ் அடிப்பது, ஃபில்டர் மாற்றுவது எதையும் அவர் பெயரில் எழுதக் கூடாது. சும்மா இருப்பதாகச் சொல்லப்படுபவருக்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருக்காது. அவருக்குத் தெரிந்த வேலை அன்று பட்டியலில் இல்லை, அவ்வளவே.

ஷீட்டில் வேலை எண், மெஷின், திறன், ஆள், மதிப்பிட்ட நேரம், ஆன நேரம், கெடு தேதி போதும். எக்செலின் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா வைத்து ஆள் வாரியாக வாரக் கூட்டுத்தொகை எடுத்து, அவரவர் நிகர நேரத்தில் 85 சதவீதம் தாண்டினால் சிவப்பாக்குங்கள். ஆன நேரத்தை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். அதை வைத்து யாரையும் திட்டினால் மறுநாளிலிருந்து எல்லாரும் பொய் நேரம் எழுதுவார்கள், ஷீட் செத்துவிடும்.

வாளையார்_ஷிப்ட்:
நன்றி. எங்கள் பிஎல்சி ஆள் பாலக்காட்டுக்காரர், உத்திராடம், திருவோணம் இரண்டு நாளும் லீவு. அந்த வாரம்?

பொள்ளாச்சி_பிளானர்:
கெடு அந்த வாரம் வரும் பிஎல்சி பிஎம்களை முந்தைய மூன்று வாரங்களுக்குப் பிரித்துப் போடுங்கள். ஒரே வாரத்துக்குத் தள்ளினால் சுமை அங்கே குவியும், அடுத்த சுற்றிலும் எல்லாக் கெடுவும் ஒன்றாக வரும். பிஎல்சி பேட்டரி மாற்றுவது, புரோகிராம் பேக்கப் எடுப்பது இரண்டும் லீவுக்கு முன்னால் முடிய வேண்டும். பொங்கல் வாரத்துக்கு இதையே தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களுக்குத் திருப்பிச் செய்யுங்கள். ஓவர்டைமை நம்ப வேண்டாம்: வாரம் 48 மணி தாண்டினால் இரட்டைக் கூலி, நீங்கள் இப்போதே 48ல்தான் நிற்கிறீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_எலக்ட்ரிகல்:
இன்றே இரண்டாவது ஆளை அவருடன் நிறுத்துங்கள். ஃபால்ட் கோடு படிப்பது, ஐஓ கார்டு (சிக்னல் உள்ளே வரும், வெளியே போகும் அட்டை) மாற்றுவது, பேக்கப் ஏற்றுவது, இந்த மூன்றும் போதும். பழகும் நேரத்தையும் ஷீட்டில் ஒரு வேலையாகவே எழுதுங்கள், வாரம் 4 மணி. எழுதாவிட்டால் நடக்காது.