ஓவன் இல்லாத குசினியில் சால்மன் கிளேஸ், வேலை நாள் இரவுக்குச் சரிவருமா?

தொடர்மாடிக்குசினி கேட்கிறார்:

வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, நானும் அவரும் ஏழு வயது மகளும். வேலை முடிந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேர ஏழு மணியாகிவிடும், அதற்குப் பிறகு தேங்காய் திருவிப் பால் பிழிந்து மீன் குழம்பு வைக்கிற தெம்பு எனக்கில்லை. சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த சால்மன் விலைக்கழிவில் போட்டிருந்தார்கள், தோலோடு இரண்டு துண்டு, ஒன்று 150 கிராம் வரும், வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.

இனிப்பும் உப்பும் புளிப்புமாக மினுங்குகிற பாகுப் பூச்சான அந்தக் கிளேஸ் போட்டுச் செய்ய ஆசை. ஆனால் பார்க்கிற செய்முறை எல்லாம் ஓவனைச் சூடாக்கு என்றுதான் தொடங்குகிறது, மேப்பிள் சிரப் ஊற்று என்கிறது. என்னிடம் இருப்பது இரண்டு அடுப்பு கேஸ் குக்கரும் ஒரு நான்ஸ்டிக் தாச்சியும். மேப்பிள் சிரப்புக்கு நான் எங்கே போக, தெனியாயப் பக்கத்திலிருந்து வந்த நல்ல கித்துள் பாணி, கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு, ஒரு போத்தல் இருக்கிறது, அது சரிவருமா?

மீன் வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ வடிகிறதே, படங்களில் பார்த்தேன், அது என்ன? பழுதான மீனா? அப்புறம் மணம். பக்கத்து வீட்டு ஆட்கள் சைவம், ஜன்னல்கள் நேருக்கு நேர். இந்த விலை கொடுத்து வாங்கியதை வீணாக்க மனமில்லை, அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன்.

---

இரும்புத்தாச்சி எழுதியது:

ஓவன் தேவையே இல்லை, உண்மையில் இரண்டு துண்டுக்குத் தாச்சிதான் வசதி. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மீனை முதலில் வேக வையுங்கள், கிளேஸ் கடைசி இரண்டு நிமிடத்துக்கு. முதலிலேயே பாணியைப் பூசிச் சூட்டில் போட்டால் மீன் வேகுமுன் சீனி கருகிக் கசந்துவிடும். தேனாக இருந்தால் இன்னும் கெதியாகக் கருகும், அதில் ஃபிரக்டோஸ் அதிகம், சாதாரண சீனியை விடக் குறைந்த சூட்டிலேயே அது நிறம் மாறத் தொடங்கும். கித்துள் பாணி அந்த விஷயத்தில் தேனை விடப் பொறுமையானது, அந்த இலேசான புகை மணமும் சோயா சோஸோடு நன்றாகச் சேரும். மேப்பிள் சிரப்பை மறந்துவிடுங்கள்.

அளவு, உங்கள் இரண்டு துண்டுக்கு: சோயா சோஸ் 2 மேசைக்கரண்டி, கித்துள் பாணி ஒன்றரை மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, உள்ளி இரண்டு பல்லும் சின்னத் துண்டு இஞ்சியும் துருவியது. இவற்றை ஒரு கோப்பையில் கலந்து பக்கத்தில் வையுங்கள். தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி தனியாக இருக்கட்டும், அது அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கவிட்டால் புளிப்பு மட்டும் மிஞ்சும், வாசம் போய்விடும். சோயா சோஸ் கடைக்குக் கடை உப்பு மாறும், ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

மீனைத் தடவிப் பாருங்கள், தடித்த பக்கத்தில் நடுக்கோட்டுக்குப் பக்கமாக ஊசி மாதிரி முள் இருந்தால் ட்வீசரால் தலைப்பக்கம் சாய்த்து இழுங்கள், பிள்ளை சாப்பிடுகிற வீடு. பிறகு டிஷ்யூவால் ஈரத்தை வடிவாக ஒற்றி எடுங்கள், தோல் பக்கம் முக்கியமாக. ஈரம் இருந்தால் தோல் பொரியாது, தாச்சியோடு ஒட்டும், எண்ணெய் வேறு வெடிக்கும். மிதமான நெருப்பில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், சால்மனே எண்ணெய் விடும். தோல் கீழே இருக்கும்படி வைத்து முதல் பத்து விநாடி கரண்டியால் மெல்ல அழுத்துங்கள், இல்லாவிட்டால் தோல் சுருண்டு துண்டு வளைந்துவிடும். அதன் பிறகு தொடவே வேண்டாம். ஓரத்தைப் பார்த்தால் நிறம் கீழிருந்து மேலே வெளிறிக்கொண்டு ஏறுவது தெரியும், முக்கால்வாசி ஏறியதும் திருப்புங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஆறு நிமிடம் அளவில் ஆகும். மற்றப் பக்கம் ஒரு நிமிடம், எடுத்துத் தட்டில் வையுங்கள்.

தாச்சியில் தேங்கிய எண்ணெயை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கிளேஸை ஊற்றுங்கள். பெரிய குமிழிகளாகக் கொதித்து, கரண்டியின் பின்பக்கத்தில் பிடிக்கிற பதம் வந்ததும் அணையுங்கள். இன்னும் கொஞ்சம் இறுகட்டுமே என்று நிற்க வேண்டாம், ஆறும்போது தானாக இறுகும். தேசிக்காய் விடுங்கள், மீனைத் தோல் கீழே இருக்கும்படி திரும்ப வைத்து மேல்பக்கத்துக்கு மட்டும் கரண்டியால் அள்ளி ஊற்றுங்கள்.

அந்த வெள்ளை அல்புமின், மீனில் இருக்கிற புரதம்தான். பழுது ஒன்றும் இல்லை. சூடு அதிகமானால் தசை சுருங்கி அதை வெளியே தள்ளும். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து மீனைப் பத்து நிமிடம் ஊற வைத்து எடுத்தால் குறையும். அப்படிச் செய்தால் சோயா சோஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

---

பாரைமீன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் நாங்கள் ஒரு தீவில் இருக்கிறோம் என்பதை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். பேலியகொடை மீன் சந்தையில் விடியற்காலை வந்து இறங்குகிற பாரை, அறக்குளா, கெலவல்லாச் சூரை எல்லாம் இருக்க, எங்கேயோ குளிர் கடலில் கூட்டில் வளர்த்து உறைய வைத்து ஏற்றி அனுப்பியதைக் கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபா கொடுத்து வாங்குவானேன்? அந்தச் செம்மஞ்சள் நிறம்கூட வளர்ப்பு மீனுக்குத் தீவனத்தில் சேர்க்கிற அஸ்டாக்சாந்தின் என்கிற நிறமியால் வருவது. இதே கிளேஸைக் கெலவல்லாத் துண்டுக்கு ஊற்றிப் பாருங்கள், காசும் மிச்சம்.

---

கறுவாப்பட்டை எழுதியது:

தங்கச்சி ஏற்கெனவே வாங்கிவிட்டார், இனி அவருக்குப் பொருளாதாரம் சொல்லி என்ன பலன்?

நான் தெஹிவளையில், எங்கள் வீட்டில் இது அடிக்கடி. ஜப்பான்காரர் முறையில் மிரின் என்கிற இனிப்பான சமையல் திரவம் போடச் சொல்வார்கள், அதில் மதுசாரம் இருப்பதால் நாங்கள் வாங்குவதில்லை, கித்துளும் தேசிக்காயும் அந்த இடத்தை நிரப்பிவிடும், குறை தெரியாது. ஆனால் பாணி நல்லதாக இருக்க வேண்டும். கடைப் போத்தல்களில் சீனிப் பாகு கலந்தவை நிறைய, அவை வெறும் இனிப்பு. உங்களுடையது நேரே வந்தது என்றால் கவலையில்லை.

யாரும் சொல்லாத ஒன்று, உறைந்த மீனை இளக்குவது. காலையில் வேலைக்குப் போகும்போது குசினி மேடையில் எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டாம், கொழும்பு வெக்கையில் பின்னேரம் வரை கிடந்தால் அது மீனே இல்லை. முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காற்றுறிஞ்சிய பிளாஸ்டிக் பையாக இருந்தால் பையைப் பிரித்து, ஒரு தட்டில் வைத்து மூடி இளக்குங்கள். காற்றே இல்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்குகிற கிருமி ஒன்று உண்டு, ஃப்ரிட்ஜ் குளிரிலும் அதற்கு வளர முடியும், அதற்காகத்தான் அநேகமான பைகளிலேயே பிரித்துவிட்டு இளக்கச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் மறந்துவிட்டீர்களா, கொஞ்ச நேரம்தான் என்பதால் வந்தவுடன் பையோடு குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். குளித்து உடுப்பு மாற்றி வர இளகியிருக்கும், உடனே சமைத்துவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், வெளிப்பக்கம் அவிந்துவிடும், நடு ஐஸாகவே இருக்கும்.

மணத்துக்கு: மீன் எண்ணெய் புகைய விடாதீர்கள், மணத்தில் பெரும்பங்கு அந்தப் புகைதான். மற்ற அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு துண்டு கறுவாவும் தேசிக்காய்த் தோலும் போட்டுக் கொதிக்க விடுங்கள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றிய சிங்கை உடனே சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள், பையையும் டிஷ்யூவையும் அன்றிரவே குப்பைக்கு இறக்கிவிடுங்கள். அடுத்த நாள் காலை மணப்பது அநேகமாக அந்தக் குப்பைதான், சமைத்த மீன் இல்லை.

---

தொடர்மாடிக்குசினி எழுதியது:

அக்கா, பையைப் பிரித்து இளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, பெரிய உபகாரம்.

இரும்புத்தாச்சி அண்ணா, வெந்துவிட்டதா என்று எப்படி அறிவது? எங்கள் வீட்டில் மீன் என்றால் நன்றாகக் குழம்பில் கிடந்து வெந்திருக்க வேண்டும், நடுவில் கண்ணாடி மாதிரி இருந்தால் அவர் கை வைக்க மாட்டார். மகளுக்கு உறைப்பும் ஆகாது.

---

இரும்புத்தாச்சி எழுதியது:

தடித்த இடத்தில் முள்ளுக்கரண்டியைக் குத்தி இலேசாகத் திருப்புங்கள். சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. பிரிய மறுத்து இழுபட்டால் இன்னும் ஒரு நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 பாகை செல்சியஸ், அமெரிக்க அரசாங்கம் மீனுக்குச் சொல்கிற பாதுகாப்பான அளவு அது. உணவகங்களில் 50ஐத் தாண்டியதுமே எடுத்துவிடுவார்கள், நடு மினுமினுப்பாக, வெண்ணெய் போல இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் 63 வரை விடுங்கள், உங்கள் அவருக்கும் அதுதான் சரி. அதைத் தாண்டிக் குழம்பு மீன் அளவுக்கு வேக வைத்தால் சால்மனும் சக்கைதான். அவரிடம் இது குழம்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உறைப்புக்குப் பிரச்சினை இல்லை. கிளேஸை உறைப்பில்லாமல் காய்ச்சி மகளின் பங்குக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தில் இடித்த செத்தல் மிளகாய் போட்டு உங்கள் இருவருக்கும் எடுங்கள்.

பாரைமீன் அண்ணனுக்கு ஒரு பதில். உள்ளூர் மீன் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி, ஆனால் கெலவல்லா இந்த வேலைக்குத் தோதான மீன் இல்லை. வளர்ப்புச் சால்மனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 13 கிராம் கொழுப்பு, கெலவல்லாவில் ஒரு கிராம்கூட வராது. இந்தக் கிளேஸின் புளிப்பும் உப்பும் அந்தக் கொழுப்பை வெட்டத்தான். கொழுப்பே இல்லாத மீனில் ஊற்றினால் மேலே இனிப்பு, உள்ளே பஞ்சு.

---

பாரைமீன் எழுதியது:

கெலவல்லாவை உள்ளே சிவக்க விட்டு எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சரி, கெலவல்லாவை விட்டுவிடுகிறேன். கொடுவா? இங்கேயே வளர்க்கிறார்கள், தோல் அருமையாகப் பொரியும், சதையில் எண்ணெய்ப் பிடிப்பும் இருக்கிறது. தோலோடு துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், இதே முறை, நேரம் ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம். கிளேஸில் தேசிக்காய்க்குப் பதிலாக ஒரு சுளைக் கொறுக்காயை, அந்தக் காய்ந்த புளிப்புப் பழத்தை, வெந்நீரில் ஊற வைத்து அரைத்து விட்டால் இன்னும் எடுப்பு. அது காய்ச்சினாலும் கெடாத புளிப்பு, அதனால் முதலிலேயே சேர்க்கலாம். அம்புல் தியல் என்கிற புளிப்பு மீன் கறிக்குக் கொறுக்காய் போடுகிற நாட்டில் இதற்குப் போடக்கூடாதா?

---

இரும்புத்தாச்சி எழுதியது:

கொடுவாவுக்கு ஓம். கொறுக்காய் நல்ல யோசனை, ஆனால் அது கிளேஸைக் கறுப்பாக்கிவிடும், மினுக்கம் குறையும். சால்மனுக்கு நான் தேசிக்காயோடு நிற்கிறேன்.

---

சம்பாச்சோறு எழுதியது:

யாரும் பக்கத்துக்கு என்ன வைப்பது என்று சொல்லவில்லையே. வெள்ளைச் சம்பாச் சோறும் கங்குன் கீரையும். வீட்டுக்கு வந்தவுடன் ரைஸ் குக்கரைத் தட்டிவிடுங்கள், சோறு வெந்து முடிகிற நேரத்துக்கு மீனைத் தொடங்கினால் இரண்டும் சூடாக மேசைக்கு வரும். கங்குனை மீன் எடுத்துத் தட்டில் வைத்த பிறகு மற்ற அடுப்பில் உள்ளியும் உப்பும் போட்டுப் பெரிய நெருப்பில் ஒரு பிரட்டு. சொதி வேண்டாம், தேங்காய்ப்பாலும் இந்தச் சோயா இனிப்பும் சேராது, எங்கள் அம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பருப்பும் வேண்டாம். புளிப்புக்கு வெள்ளரிக்காயை மெல்லியதாக வெட்டி உப்பும் தேசிக்காயும் பிசிறி வைத்தால் போதும்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் 180 பாகையில் எட்டு நிமிடம் அளவில் வைத்து, கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது இழுத்துக் கிளேஸைப் பூசலாம். ஆனால் கிளேஸைத் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும், அப்போ தாச்சி எப்படியும் கழுவ வேண்டும், என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

---

தொடர்மாடிக்குசினி எழுதியது:

சரி, புதன்கிழமை இரவு ஃப்ரிட்ஜில் இறக்கி வைக்கிறேன், வியாழன் சமையல். சோறும் கங்குனும்தான். ஒரே ஒரு கேள்வி, மகள் பாதி மிச்சம் வைத்தால் அடுத்த நாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகலாமா?

---

கறுவாப்பட்டை எழுதியது:

கட்டலாம், ஆனால் சாப்பிட்டு முடித்த கையோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரவு முழுக்க மேசையில் மூடி வைத்தது சரிவராது. வேலையிடத்து மைக்ரோவேவில் மட்டும் சூடாக்க வேண்டாம், மீனும் காய்ந்துவிடும், அந்த மாடி முழுக்க உங்களைத்தான் பார்க்கும். தோலை எடுத்துவிட்டு உதிர்த்து, மயோனெய்ஸ் கொஞ்சம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் பொடியாக வெட்டிப் போட்டுப் பிசைந்து பாணுக்குள் வையுங்கள். அங்கே போனதும் ஃப்ரிட்ஜில் போட்டுவிடுங்கள், மதியம் வரை கைப்பைக்குள் கிடக்க விடாதீர்கள்.