வலப்பக்கம் புரண்டால் வரும் தலைச்சுற்று: ஏழு வாரம் பட்ட பாடு

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 56. போன மாசி மாதம் ஒரு விடியற்காலை அலாரத்தை நிறுத்த வலப்பக்கம் புரண்டேன். அறையே சுழன்றது. விசிறி, அலுமாரி, யன்னல் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அரை நிமிடத்தில் நின்றது. எழுந்து இருந்தேன், மறுபடியும் சுற்றியது, சத்தியும் வந்தது. பிரஷர் ஏறிவிட்டது என்று இவர் பயந்துபோய் ஓட்டோ பிடித்தார்.

முதல் பார்த்த டொக்டரிடம் "மயக்கமாக இருக்கிறது" என்றேன். அந்தச் சொல்தான் வழியை மாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். பிரஷர், சீனி, ஈசிஜி, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. தலைச்சுற்றுக்குப் பீட்டாஹிஸ்டின் குளிசையும், சத்திக்குப் புரோகுளோர்பெரசினும் தந்தார்கள். இரண்டு வாரத்துக்கு என்று தந்ததை ஏழு வாரம் போட்டேன். குமட்டல் குறைந்தது. ஆனால் பகலெல்லாம் தூக்கம், புரண்டால் அதே சுற்று. மேல் தட்டில் மாப் பேணியை எடுக்க அண்ணாந்தாலும் வரும். மூன்று தலகணியை முதுகுக்கு வைத்து, சாய்ந்தபடியே தூங்கினேன்.

பிறகு மகள் ஒரு காது மூக்கு தொண்டை டொக்டரை சனல் பண்ணினாள். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். கண் இருட்டி விழப் பார்க்கிறதா, இல்லை வீடு சுற்றுகிறதா? எந்தப் பக்கம் புரண்டால்? எத்தனை செக்கன்? அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை.

கட்டிலில் நீட்டி இருக்கச் சொல்லி, தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கக் கிடத்தினார். தலை விளிம்புக்கு வெளியே அவர் இரண்டு கையிலும் கிடந்தது. "கண் மூட வேணாம் அம்மா." மூன்று நான்கு செக்கன் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது பாருங்கள்! கருவிழி துடித்துத் துடித்துச் சுழன்றதைப் பக்கத்தில் நின்ற மகளும் கண்டாள். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. இதற்கு ஸ்கேன் தேவைப்படவில்லை.

உள்காதில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் இருக்கின்றன. அவை இடம் பெயர்ந்து, தலை சுழல்வதை உணரும் அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போது அங்குள்ள நீரையும் அசைக்கின்றன. உடம்பு சுழல்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. குளிசை அந்தக் குமட்டலை அடக்கும், துகளை நகர்த்தாது. உருட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அதற்கான முறையை அமெரிக்க டொக்டர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்டார். தொங்கிய தலையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்தார். மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, முகம் நிலத்தைப் பார்க்க வைத்தார். பிறகு எழுப்பி இருத்தினார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம். கொஞ்சம் பொறுத்து மறுபடி கிடத்திப் பார்த்தார். கூரை அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிரவு ஒரு தலகணியில், வலப்பக்கமாகப் படுத்தேன். குளிசையை அவரே நிறுத்தச் சொன்னார். ஆவணியில் ஒருதரம் திரும்ப வந்தது, இது திரும்பக்கூடிய வருத்தம்தான். நேரே அவரிடம் போனேன், ஒரே தடவையில் போய்விட்டது.

*

அக்கா, ஒன்று சேர்க்கிறேன். நான் தெஹிவளை. அப்பாவுக்கும் தலைச்சுற்று என்றதும் இதுதான் என்று நினைத்து, வீடியோ பார்த்துப் புரட்டப் போனேன். ஆனால் அவருக்கு அசையாமல் கிடந்தாலும் சுற்று நிற்கவில்லை. எழுந்து நிற்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அம்மாதான் என் கையைத் தட்டிவிட்டு 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொன்னா. சிறுமூளையில் பக்கவாதம். நேரத்துக்குப் போனதால் இன்று பொல்லு ஊன்றி நடக்கிறார்.

*

தம்பி, நல்லகாலம் அம்மா பக்கத்தில் இருந்தா. கழுத்து எலும்பில் வருத்தம் உள்ளவர்களும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் புரட்டினாலும் பலனில்லை. டொக்டரிடம் போகும்போது பக்கத்தையும் செக்கனையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.