உச்சிப்புளி பக்கம் நிலம் விற்க நம்பகமான புரோக்கர் தெரியுமா?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கடல் பக்கம் உள்ளே தள்ளி 40 சென்ட் புஞ்சை. அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா எனக்கும் தங்கச்சிக்கும் மாத்தியாச்சு. 1975-லிருந்து இ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டோம், வில்லங்கம் இல்லை. ஓரத்தில் பனை, மத்ததெல்லாம் சீமைக் கருவேலம். நான் திருப்பூரில் இருக்கேன், நினைச்ச நேரம் ஊருக்கு வர முடியாது.

தை மாசத்திலிருந்து விற்கப் பார்க்கிறோம். ஒரு புரோக்கர் ஒரிஜினல் பத்திரத்தையே கையில் கேட்டார். இன்னொருத்தர், எங்களுக்குப் பதிலா விற்கிற அதிகாரத்தை அவர் பேரில் கேட்டு, "பவர் எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த மிச்சம்தானே பயம்! வேறொருத்தர் எங்களிடம் ஒரு விலை, வாங்க வந்த பார்ட்டியிடம் ஒரு விலை சொல்லியிருக்கார். பார்ட்டியே போன் பண்ணித்தான் தெரிஞ்சது. ஆன்லைனில் விளம்பரம் போட்டும் வந்ததெல்லாம் புரோக்கர் போன்தான்.

வாங்க வர்றவங்க முதலில் கேட்பது சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணி எட்டுற எல்லை) 500 மீட்டருக்குள் வந்தால் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உண்டு. எங்க இடம் கிட்டத்தட்ட அந்த எல்லையில். எஃப்எம்பி (நில அளவை) வரைபடம் கையில் இருக்கு, ஆனா அதில் இந்தக் கோடு வராது. இதை மறைக்காமல் பார்ட்டியிடம் சொல்லி விற்கிற ஆள் வேணும். கமிஷன் 2 சதவீதம், பத்திரப்பதிவு அன்னைக்கே கொடுத்துடுவோம். பவர் கிடையாது, கையெழுத்துக்கு நாங்களே வர்றோம்.

இந்தப் பக்கம் நிலம் விற்றவங்க, நீங்களே பழகிப் பத்திரம் முடிச்ச ஒரு புரோக்கரை இன்பாக்ஸில் சொல்ல முடியுமா?