நெவ்-ஷபெல்: ஒரு நாளில் பார்த்து வர முடியுமா?

கேள்வி

செப்டம்பர் மாதம் அலுவல் நிமித்தம் பாரிஸ் செல்கிறேன். வேலை முடிந்தபின் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் போரிட்ட, வட பிரான்சிலுள்ள நெவ்-ஷபெல் என்ற சிற்றூரையும் அங்குள்ள இந்திய நினைவிடத்தையும் பார்த்துவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; பிரெஞ்சு மொழியும் வணக்கம், நன்றி என்ற அளவோடு சரி. உடன் வரும் நண்பரோ, அங்கே வயலைத் தவிர வேறொன்றும் இல்லை, அதே போரின் மற்றொரு களமான சொம் ஆற்றுப் பகுதிக்குப் போனால் அருங்காட்சியகங்களையாவது பார்க்கலாம் என்கிறார். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க இயலுமா?

மறுமொழி 1

இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். உங்கள் நண்பர் சொல்வது ஒருவகையில் உண்மைதான். ஊர் 1915இலும் 1918இலும் தரைமட்டமாகி, போருக்குப் பின் செங்கல்லால் எழுப்பப்பட்டது என்பதால் பழைய கட்டடம் என்று காட்ட எதுவும் இல்லை. சமதரை, வாய்க்கால்கள், வயல்கள், அவ்வளவுதான். நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த களிமண் பூமி அது. சிறிது தோண்டினாலே தண்ணீர் ஊறியதால், படையினர் பல இடங்களில் பள்ளம் பறிக்க முடியாமல் மண்மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கி அதன் பின்னே ஒண்டியிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த வெற்று வயல் வேறு மாதிரித் தெரியும்.

பாரிஸிலிருந்து லீல் நகருக்கு அதிவேக ரயிலில் சுமார் 1 மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் லா பாஸே சென்று இறங்கினால், நினைவிடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சாலையோரமாக நடக்கலாம் என்றாலும் லாரிகள் வேகமாக வருவதால் நான் டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் நடுப்பகலில் கடைகள் சாத்திக்கிடக்கும், ஞாயிறென்றால் சொல்லவே வேண்டாம்.

நினைவிடம் ஊருக்குச் சற்று வெளியே, ஒரு நாற்சந்தியின் ஓரத்தில் இருக்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பட்டது. சாஞ்சியின் கல்வேலியை நினைவூட்டும் வட்டச் சுற்றின் ஒரு பாதி துளையிட்ட கற்சன்னல், மறுபாதி பெயர்கள் பொறித்த சுவர். நடுவே ஏறத்தாழ 15 மீட்டர் உயரத் தூண், இருபுறமும் காவலுக்குக் கற்புலிகள். கல்லறை கண்டறியப்படாத 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக உள்ளன. ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று விரல் வைத்து எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன். நான் போனது மழைநாள். ஈரம் பட்ட கல்லில் எழுத்துகள் எடுப்பாகத் தெரிந்தன.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு போரைப் பற்றியும் சிறிது சேர்க்கிறேன். 1915 மார்ச் 10 காலை 7.30 மணிக்கு முன்னூற்றுக்கும் அதிகமான பீரங்கிகள் 35 நிமிடங்கள் முழங்கின. அதன்பின் தாக்கிய படைகளில் பாதி இந்தியப் படைப்பிரிவுகள். விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு எதிரிகளான ஜெர்மானியரின் அகழிகளை முன்கூட்டியே வரைந்துவைத்திருந்ததால் ஊர் முற்பகலிலேயே கைக்கு வந்தது. ஆனால் கர்வால் ரைபிள்ஸின் ஒரு பட்டாலியன் திசை தவறி வலப்புறம் விலகி, முள்கம்பி அறுபடாத பகுதியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதே ரெஜிமென்ட்டின் மற்றொரு பட்டாலியனைச் சேர்ந்த கப்பர் சிங் நேகி அன்று காட்டிய வீரத்துக்காக, இறந்தபின் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்; அவர் பெயரைச் சுவரில் தேடிப் பாருங்கள். மூன்று நாளில் தாக்குதல் நின்றுபோனது. கைப்பற்றிய நிலத்தின் ஆழம் 2 கிலோமீட்டர்கூட இல்லை என்பதை நடந்துபார்த்தால்தான் உணர முடியும்.

அருகிலேயே போர்த்துகீசியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1,831 கல்லறைகள். பலரும் அதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். இவ்வூரில் குண்டுகளுக்கிடையே கைகால் சிதைந்து நின்ற சிலுவைச் சிற்பம் ஒன்றை 1958இல் பிரான்ஸ் போர்ச்சுகலுக்குக் கொடுத்துவிட்டது. அது இப்போது அந்நாட்டின் பத்தல்யா மடாலயத்தில் இருக்கிறது. எனவே அதை இங்கே தேட வேண்டாம்.

முக்கியமான ஒன்று: உழவின்போது மேலெழும் வெடிக்காத குண்டுகளை விவசாயிகள் வயலோரத்தில் எடுத்துவைத்திருப்பார்கள். துருப்பிடித்த இரும்புதானே என்று தொட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொம் பயணத்தைக் கைவிட்டேன். என் பாட்டியின் தந்தை புதுச்சேரியிலிருந்து அந்தப் போருக்குச் சென்று திரும்பாதவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயரும் அந்தச் சுவரில் இருக்குமா?

மறுமொழி 3

இருக்காது. அது பிரிட்டிஷ் இந்தியப் படையில் மாண்டவர்களுக்கானது. புதுச்சேரியிலிருந்து சென்றவர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்கள். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெம்வார் தெஸ் ஓம்' இணையதளத்தில், பிரான்சுக்காக உயிர்நீத்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவட்டைகள் உள்ளன. இருந்த இடத்திலிருந்தே இலவசமாகத் தேடலாம். ஆனால் நீங்கள் அறிந்த பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தனிச்சட்டத்தை (சாதி, மத வழக்கப்படியான குடும்பச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டன. உங்கள் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் எங்காவது இருந்தால், பயணத்துக்கு முன் அதில் தந்தையின் குடும்பப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அட்டையில் அவர் இறந்த இடமும் குறிப்பிடப்பட்டிருக்கும். அது வேறு ஊராக இருந்தால், உங்கள் ஒரு நாளை எங்கே செலவிடுவது என்பதையே நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.