சங்கத்து உறுப்பினர் பட்டியல்: முதலில் சோதனையா, நேரே மாற்றமா?

சுக்கான்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று கிடக்கிறது. யுடிஎஃப்8எம்பி4-க்கு, அதாவது தமிழும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு, மாற்றித் தரச் சொல்கிறார்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. நிவாரணப் பட்டியல் அதற்குள் வேண்டுமாம். பழைய வெப்சைட்டில் பெயரெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. நேரே மாற்றிவிடலாமா?

வல்லம்: தாராளமாக மாற்று தம்பி. டம்ப் (முழுத் தரவின் நகல் ஃபைல்) எடுத்து வை, ‘கன்வர்ட் டு’ என்று ஒரே வரிக் கட்டளை, முடிந்தது. எந்தப் பெயராவது கெட்டுப்போனால் அந்த ஆளே வந்து சொல்வார், அப்போது திருத்திக்கொள். சோதனை என்று உட்கார்ந்தால் தடைக்காலமே முடிந்துவிடும்.

கீழக்கரைவாசி: அண்ணே, ‘நன்றாகத் தெரிகிறது’ என்பதுதான் எனக்குப் பயம். 8.0 வரும்வரை மைஎஸ்க்யூஎல்லில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1-தான். அதற்குள் தமிழ் தெரிகிறதென்றால், உள்ளே இருப்பது ஏற்கெனவே யுடிஎஃப்-8 பைட்கள். இணைப்பும் லத்தீன்1 என்பதால் போட்டது போட்டபடி வெளியே வருகிறது. அதன்மேல் ‘கன்வர்ட்’ ஓட்டினால் ஒவ்வொரு பைட்டையும் ஐரோப்பிய எழுத்தென்று நினைத்து மறுபடி மாற்றும். பெயர் முழுக்க, தலையில் கோடு போட்ட சின்ன ஏயும் வட்டத்துக்குள் ஆரும்தான் வரும்.

சுக்கான், ஹெக்ஸ் போட்டு, உள்ளே கிடக்கும் பைட்களின் எண்களைப் பாருங்கள். ‘அ’ என்பது ஈ0 ஏஈ 85 என்று மூன்று பைட்டாக இருந்தால், பெயர்க் கட்டத்தை முதலில் வார்பைனரி (எந்தக் குறியாக்கமும் பாராத வெறும் பைட் வகை) ஆக்கி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்குப் போங்கள். சி3 ஏ0 சி2 ஏஈ என்று தொடங்கினால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை ‘கன்வர்ட்’ ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

வல்லம்: சரி, அப்படியே கெட்டாலும் ஒரே மாதிரிதானே கெடும்? ஒரே கட்டளையில் திரும்பிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கீழக்கரைவாசி: அன்றைக்கே பார்த்தால் திரும்பும். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால்? அதற்குள் கவுண்டரில் சேர்த்த புதுப் பெயர்கள் சரியாக இருக்கும். உங்கள் கட்டளை அவற்றையும் லத்தீன்1-க்குத் தள்ளினால் கேள்விக்குறிதான் மிஞ்சும். டம்பை ஏற்றினால் அந்தப் பெயர்களே இருக்காது.

இன்னொன்று, எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி வருவது. பெயர்க் கட்டம் வார்சார் 50 (50 எழுத்து வரம்பு) என்றால் லத்தீன்1-ல் ஐம்பதே பைட். ‘முஹம்மது இப்ராஹிம்’ என்று எழுத 52 வேண்டும். பழைய சர்வர் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்சைட்டில் ‘இப்ராஹிம’ என்று முடிந்து பக்கத்தில் ஏதோ ஒரு குறியோடு தெரிவதை யாரும் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்கள். சர்வரில் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால், வார்பைனரி வழியில் மாற்றும்போது அந்த வரி வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும். நீளம் சரியாக 50 பைட் உள்ள வரிகளை முதலில் எடுத்துப் பாருங்கள்.

தொண்டிக்காரி: இரண்டு பேரும் பைட்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் தட்டிய வரிகளை என்ன செய்வது? அதில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எல்லாம் சாதாரண ஆங்கில விசைகள், எந்த யுடிஎஃப்-8 சோதனையிலும் பாஸ். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமாவது பைட் எண் 127-க்கு மேல் போவதால் பிடிபடும். இது பிடிபடாது. ஆனால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளிதான். ஆள் பெயரில் அரைப்புள்ளிக்கு என்ன வேலை? அதைத் தேடினால் அந்தோணியும் ராஜேந்திரனும் மாட்டுவார்கள்.

வல்லம்: அது ஃபான்ட் மாற்றுகிற வேலையம்மா, வேறு கருவி. இந்த வேலையோடு சேர்க்காதே.

தொண்டிக்காரி: வேறு வேலைதான். நிவாரணப் பட்டியலில் குப்பையாக அச்சாகப்போகிற பெயர் அதே பெயர்தானே.

சுக்கான்: நகலில் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் ஈ0 ஏஈ. அரைப்புள்ளி வரிகள் கொஞ்சம். ஐம்பதை முட்டியவை நிறைய, கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரியே. ஆனால் சில வரிகளில் வெறும் கேள்விக்குறிகள். அதற்கு வழி?

தொண்டிக்காரி: ஹெக்ஸில் 3எஃப் என்று இருந்தால் அது கேள்விக்குறியேதான். பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்காது.

வல்லம்: காகித ரிஜிஸ்டரைப் பார்த்துத் தட்டச்சு செய். அந்த வரிகளை ஒதுக்கிவிட்டு மீதியை இன்றைக்கே மாற்று. எல்லாம் சுத்தமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அதில் நான் மாறவில்லை.

கீழக்கரைவாசி: ஒதுக்குகிற வரி எது என்று இப்போதுதானே தெரிந்தது அண்ணே. சுக்கான், டம்ப் ஃபைலைத் திறந்து லத்தீன்1 என்ற சொல்லை மட்டும் மாற்றி ஏற்றிவிடாதீர்கள், மறுபடி அதே வட்டத்துக்குள் ஆர்.

சுக்கான்: சரி. கேள்விக்குறி வரிகளை உறுப்பினர் எண்ணோடு பிரின்ட் எடுத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மீதியை வார்பைனரி வழியாக நகலில் ஓட்டுகிறேன்.