மறு: 'செல்ஃப்-எவிடென்ட்' என்பதற்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

> அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் வரும் 'செல்ஃப்-எவிடென்ட்' என்பதற்குச் 'சுயசான்று' போதும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒப்பவில்லை. செல்ஃப்-எவிடென்ட் (self-evident) என்றால் நிரூபிக்க வேண்டாமல் தானே விளங்குவது. சுயசான்று என்றதும் 'சுயசான்றொப்பமிட்ட நகல் இணைக்கவும்' என்ற படிவம்தான் கண்முன் வருகிறது. பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் தாலுகா அலுவலக வரிசையில் நிற்கிறார்! முன்பு ஒருவர் தந்த 'வெள்ளிடைமலை' அழகுதான். ஆனால் மலை கண்ணுக்குத் தெரிவது; இங்கே பேச்சு அறிவுக்குத் தெரிவதைப் பற்றி.

'வெளிப்படை உண்மை' வலுவான போட்டி. இலங்கைப் பள்ளிக் கணிதத்தில், பழைய கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட்டின் ஆக்சியத்துக்கு, அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுக்கு, அதுதான் பெயர். தமிழ்நாட்டு வாசகருக்கோ வெளிப்படை என்றால் ஒளிவுமறைவில்லாதது. டெண்டர் அறிவிப்பு நினைவுக்கு வந்துவிடும்.

சொல்லைத் தேடுவதற்கு முன் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பது முதலானவற்றைக் குறித்து ஜெபர்சன் முதல் வரைவில் எழுதியது 'புனிதமான, மறுக்க முடியாத உண்மைகள்' என்று. அதை அடித்துவிட்டுத்தான் 'செல்ஃப்-எவிடென்ட்' வந்தது. வரைவுக் குழுவில் இருந்த பிராங்க்ளின் செய்த திருத்தம் என்று பரவலாகச் சொல்வார்கள். யார் கையாக இருந்தாலும் ஒரே அடியில் கோயிலிலிருந்து வடிவியல் வகுப்புக்கு வந்துவிட்டோம். புனிதம் என்றால் யாருக்குப் புனிதம் என்று எதிராளி கேட்பான். 'இதற்கு நிரூபணமே வேண்டாம்' என்று தொடங்கிவிட்டால், கேள்வி கேட்பவன்தான் விவரம் போதாதவனாகத் தெரிவான். வாதாடாமலே வாதத்தில் பாதி ஜெயித்தாகிவிட்டது.

அப்புறம் பாருங்கள், அதே ஆவணம் கொஞ்சம் தள்ளிப்போய் 'நடுநிலை உலகின் முன் உண்மைகளை வைக்கிறோம்' என்று சொல்லி, பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது குற்றச்சாட்டுகளை அடுக்குகிறது. 27 என்பது வழக்கமான கணக்கு. சட்டங்களுக்கு ஒப்புதல் தர மறுத்தார், எங்கள் கடல்களைக் கொள்ளையடித்தார், ஊர்களை எரித்தார் என்று அடிமேல் அடி. அதாவது முதல் பாதிக்குச் சான்று வேண்டாம், இரண்டாம் பாதி முழுக்கச் சான்று. இந்த முரணில்தான் ஆவணத்தின் சாமர்த்தியமே இருக்கிறது.

எனவே என் பரிந்துரை: சான்றுவேண்டா உண்மை. வாடா மலர், வற்றா நதி என்பதுபோல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணச் சிக்கல் இல்லை. வாய்விட்டுப் படித்தாலும் இடறாது. அது முக்கியம். 1776 ஜூலை 8 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த மக்களுக்கு இதை உரக்கத்தான் வாசித்தார்கள்.

முழு வாக்கியம் இப்படி வரலாம்: 'இவ்வுண்மைகளைச் சான்று வேண்டாதவை எனக் கொள்கிறோம்.'

---

> எனக் கொள்கிறோம்

அம்மா, இங்கேதான் இடிக்கிறது. கணக்கில் 'எனக் கொள்க' என்றால் வெறும் அனுமானம். சான்றே வேண்டாத ஒன்றை எதற்கு 'கொள்ள' வேண்டும்? போகட்டும், எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்களே. அவர்களுக்குமா சான்று வேண்டாம்?

---

ஐயா, அந்த இடறல் மூலத்திலேயே இருக்கிறது. இவை உண்மைகள் என்று சொன்னாலே போதும். 'நாங்கள் கொள்கிறோம்' என்று ஏன் முன்னால் போட்டார்கள்? போட்டதால்தான் 'கொள்கிறோம்' என்பதை நான் மாற்றத் தயாரில்லை. மொழிபெயர்ப்பில் அதை வழவழப்பாக்கினால் வாசகருக்கு உங்கள் சந்தேகமே வராது.

அடிமைகள் பற்றிக் கேட்டது நியாயம். ஆப்ரகாம் லிங்கனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்கள உரையில் அதே சமத்துவத்தைச் சொல்லும்போது அவர் 'செல்ஃப்-எவிடென்ட்' என்று சொல்லவில்லை, 'புரபோசிஷன்' என்றார். யூக்ளிட்டை விரும்பிப் படித்தவர் அவர். யூக்ளிட்டில் புரபோசிஷன் என்பது நிறுவிக்காட்ட வேண்டியது. 87 ஆண்டுகளில் சான்று வேண்டாதது சான்று வேண்டுவதாகிவிட்டது.

ஆகவே இரண்டையும் இணையாக வைத்தே சொல் தேட வேண்டும். 'தேற்றம்' என்றால் ஏற்கெனவே நிறுவியது போலத் தொனிக்கிறது. 'நிறுவற்கூற்று' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஆனால் மேடையில் சொல்லிப் பார்த்தால் நாக்குப் புரளவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?